நியூ இயர் வாரத்தை ரிட்டயர்டு ஆளு வீட்டுக்குள்ள திட்டு வாங்காம தாண்டுவது எப்படி

நான் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, அதாவது நாலு நியூ இயர் வீட்டோட இருந்து பாத்துட்டேன், அந்த அனுபவத்துல எழுதறேன், புதுசா ரிட்டயர் ஆனவங்க இந்த டிசம்பர் கடைசிக்குள்ள படிச்சிடுங்க. வேலையில இருந்தப்ப நியூ இயர்னா ஒரு நாள் லீவு, ஒரு டைரி, மறுநாள் ஆபீஸ்ல நாலு பேருக்கு கை குடுத்தா முடிஞ்சது. இப்ப அது ஒரு வாரம். பிள்ளைங்க வருவாங்க, பேரப்பசங்க வருவாங்க, பெட்டி வரும், சார்ஜர் வரும், அந்த ஒரு வாரம் பூரா நம்மள பாத்து எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை "சும்மாதானே இருக்கீங்க". சும்மாதானே இருக்கீங்க இந்தக் குழந்தைய பிடிங்க, சும்மாதானே இருக்கீங்க பார்சல் வந்திருக்கான்னு பாருங்க. போன வருஷம் ஒரு நாள் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நோட்டுல கோடு போட்டு எண்ணினேன், பதினொரு தடவை. கோடு போட்டதுக்கும் "சும்மா இருக்கறதால வர்ற வேலை"ன்னு பேரு வாங்கினேன், அத சேத்தா பன்னெண்டு.

முதல்ல ஒன்னு மனசுல ஏத்திக்கணும். இந்த வீட்டுக்கு நீங்கதான் புது ஆளு. வீட்டுக்காரர்ங்கறது ரேஷன் கார்டுலயும் கரண்ட் பில்லுலயும் இருக்கற பேரு, அவ்ளோதான். முப்பத்தஞ்சு வருஷமா காலையில போயி சாயங்காலம் வந்துட்டு இருந்தவர், நடுவுல பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் அந்த வீடு எப்படி ஓடுதுன்னு பாத்ததே இல்ல. ஜப்பான்ல ரிட்டயர் ஆன புருஷனுக்கு "நுரே ஓச்சிபா"ன்னு ஒரு பட்டப்பேரு வச்சிருக்காங்க, நனைஞ்சு உதிர்ந்த இலைன்னு அர்த்தம், ஈரமா இருக்கறதால எவ்ளோ பெருக்கினாலும் தரையிலயும் துடைப்பத்துலயும் ஒட்டிக்கிட்டே இருக்குமாம், அதே மாதிரி பொண்டாட்டி போற இடமெல்லாம் ஒட்டிக்கிட்டே போறவராம். நான் இத ரொம்ப ரசிச்சு வீட்டம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அந்த இலை காஞ்சாவாவது பறந்து போயிடும்"னா. படிச்சுக் காட்டாதீங்க.

அடுத்தது, பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி இருக்கற ரெண்டு மூணு நாள்தான் ரொம்ப ஆபத்தான நாளு. வீட்ட ஒழுங்கு பண்ணணும்னு கை பரபரக்கும். விட்டுடுங்க. நான் ரிட்டயர் ஆன முதல் வருஷம் இவ வெளிய போயிருந்த ரெண்டு மணி நேரத்துல கிச்சன் டப்பா பூரா இறக்கி, துடைச்சு, ஒவ்வொன்னுக்கும் அழகா பேரு எழுதி ஒட்டி, அ ஆ இ ஈ வரிசையில அடுக்கி வச்சேன். ஆபீஸ்ல ஃபைல் ரூமையே அப்படி அடுக்கினவன் நான். சாயங்காலம் அவ அடுப்புல வச்சுட்டு கை பழக்கத்துல டப்பாவ எடுத்து போட்டா. உப்பு இருந்த இடத்துல, அகர வரிசைப்படி, சர்க்கரைக்கு பக்கத்துல இருக்க வேண்டிய ஏதோ ஒன்னு இருந்திருக்கு. எழுதி ஒட்டியிருக்கே படிக்கக் கூடாதான்னு நான் கேட்டது அடுத்த தப்பு. அவ டப்பாவ படிச்சு எடுக்கறதில்ல, அவ கைக்கு அது தெரியும், அந்த வித்தியாசம் எனக்கு புரிய ஒரு ராத்திரி பட்டினி தேவைப்பட்டுச்சு. இப்பவும் ஒரே ஒரு டப்பாவுல அந்த லேபிள் பிச்சு எடுக்காம இருக்கு, வர்றவங்களுக்கெல்லாம் அத காட்டித்தான் கதை ஆரம்பிக்கும்.

அதுக்காக கைய கட்டிட்டு உக்காரவும் முடியாது, பதினொரு கோடு பதினஞ்சாயிடும். அதனால வழி என்னன்னா, யாருக்கும் வேண்டாத, ஆனா எல்லாருக்கும் தேவைப்படற ஒரு வேலைய நீங்களே பிடிச்சு "இது என்னுது"ன்னு வச்சுக்கணும். என்னுது காலண்டர்.

காலண்டர் மாட்டறதுல என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. ஹால்ல ஒரே ஆணி, நான் கல்யாணம் ஆன புதுசுல அடிச்சது, லேசா வலது பக்கம் சாஞ்சிருக்கும், எந்த காலண்டர மாட்டினாலும் அதுவும் கூடவே சாயும், அடியில ஒரு சின்ன மடிச்ச பேப்பர சுவத்துக்கும் காலண்டருக்கும் நடுவுல சொருகினாதான் நேரா நிக்கும். இந்த டெக்னிக் என்னைத் தவிர வீட்டுல யாருக்கும் தெரியாது, சொல்லியும் குடுக்கல. ஒரு ஆளுக்கு வீட்டுல ஒரு ரகசியமாவது இருக்கணும்ல.

பழைய காலண்டர தூக்கிப் போடாதீங்க. தேதியும் கிழமையும் திரும்ப வரும். சாதாரண வருஷம் ஒன்னு ஆறு வருஷம் இல்லன்னா பதினோரு வருஷம் கழிச்சு அப்படியே திரும்பும், லீப் வருஷம் 28 வருஷம் கழிச்சு. 2026க்கு 2015 காலண்டர் அச்சு அசலா பொருந்தும், ரெண்டுலயும் ஜனவரி 1 வியாழக்கிழமை. 2027க்கு 2021 காலண்டர எடுத்துக்கலாம், ரெண்டும் வெள்ளி. 2028 லீப் வருஷம், அதுக்கு 2000ல மாட்டின காலண்டர் வேணும், என்கிட்ட இருக்கு. பண்டிகை தேதி மட்டும் பாக்கக் கூடாது, அதுல நிறைய நிலாவ வச்சு மாறும். நான் கட்டில் அடியில சுருட்டி வச்சிருக்கறத பாத்து இவ "குப்பை"ம்பா, 2026 பொறக்கறதுக்கு முந்தின நாள் 2015 காலண்டர எடுத்து தூசி தட்டி, பக்கத்துல புதுச வச்சு, மாசம் மாசமா ஒத்துப் பாத்துக் காட்டினேன். பன்னெண்டு மாசமும் ஒத்துப் போச்சு. பேரன் வாயப் பொளந்து பாத்தான். இவ கேட்டா, "அதான் புதுசு கையில இருக்கே?" அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

பேரப்பசங்க பக்கத்துல உக்காந்தா இன்னொன்னும் சொல்லலாம், ஜூலியஸ் சீசர் காலண்டர சரி பண்ணப்ப கி.மு. 46ம் வருஷத்த இழுத்து 445 நாளாக்கிட்டாரு, அதுக்கப்புறம்தான் 365ம் கால் கணக்கு வந்துச்சு. அதுலயும் கொஞ்சம் கொஞ்சமா பிசகி, 1582ல போப் கிரிகோரி பத்து நாள வெட்டி எடுத்தாரு, அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. பசங்களுக்கு உடனே வர்ற சந்தேகம் நடுவுல பொறந்தநாள் இருந்தவன் கேக்குக்கு என்ன பண்ணியிருப்பான்னு. எனக்கு வந்த சந்தேகம் 445 நாளைக்கும் ஒரே வருஷ இன்க்ரிமென்ட்தானான்னு. எவ்ளோ ரிட்டயர் ஆனாலும் அது போகாது.

காலண்டர மாட்டினதோட விட்டா அது அலங்காரம். ஒரு ஸ்கெட்ச் பேனாவ எடுத்துக்கிட்டு வீட்டம்மா பக்கத்துல உக்காந்து தேதி கேட்டு எழுதணும், இன்ஷூரன்ஸ் கட்டற நாளு, மாத்திரை தீர்ற நாளு, செக்கப், பொறந்தநாள், கல்யாண நாளு. உங்க கல்யாண நாள மட்டும் கேட்டு எழுதாதீங்க, முன்னாடியே எழுதிட்டுப் போய் உக்காருங்க. எனக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா அவ ஒரு பேப்பரையும் பாக்கல, என் தங்கச்சி பேத்தி பொறந்தநாள் வரைக்கும் வாயிலயே வச்சிருந்தா. நான் ஆபீஸ்ல இதுக்கு ரெண்டு ரெஜிஸ்டர் ஒரு அசிஸ்டன்ட் வச்சிருந்தேன்.

சரி, பிள்ளைங்க வந்தாச்சு. வர்றதுக்கு முன்னாடி முடிச்சு வைக்க வேண்டியது சுலபம்தான். வைஃபை பாஸ்வேர்ட பெரிய எழுத்துல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க, இல்லன்னா ஒவ்வொருத்தரா வந்து கேப்பாங்க, நீங்க கண்ணாடிய தேடணும். ஒவ்வொரு ரூம்லயும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பாத்ரூம் நீங்க காலையில முதல் ஆளா போயிட்டு வந்துடுங்க, அப்புறம் உங்க முறை மத்தியானம்தான் வரும். டிவி ரிமோட்ட அவங்களா கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே குடுத்துடுங்க, எப்படியும் போகப் போறது, குடுத்த மாதிரி இருக்கட்டும்.

காலையில நாலரைக்கு முழிச்சுக்கறது நம்ம ஒழுக்கம்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். இல்லையாம். வயசாக ஆக உடம்புக்குள்ள இருக்கற கடிகாரமே முன்னாடி நகர்ந்துடுது, சீக்கிரம் தூக்கம் வருது, சீக்கிரம் முழிப்பு வருது, இதுல பெருமைக்கு ஒன்னும் இல்ல. சின்னப் பசங்களுக்கு, அதான் பதினேழு பதினெட்டு வயசுக்காரங்களுக்கு, அதே கடிகாரம் பின்னாடி நகர்ந்திருக்கும். அதனால ஒம்போது மணிக்கு எழுந்து வர்ற பேத்தியப் பாத்து "விடிஞ்சிடுச்சா"ன்னு கேக்காதீங்க. மருமக எழுந்து வர்றப்ப சுவர்க் கடிகாரத்த திரும்பிப் பாக்கவே பாக்காதீங்க, தற்செயலா பாத்தாலும் அது பேச்சாயிடும். அந்த நாலரையில இருந்து ஏழு வரைக்கும் என்ன பண்றதுன்னா வெளிய நடங்க. வீட்டுக்குள்ள நடந்தா செருப்பு சத்தம், உக்காந்தா நாற்காலி சத்தம், பேப்பர புரட்டினா பேப்பர் சத்தம், ரிட்டயர்டு ஆளு எது பண்ணாலும் விடியக்காலையில அது டிரம்மாத்தான் கேக்கும்.

"எங்க காலத்துல" அப்படின்னு ஆரம்பிக்கற வாக்கியத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டுன்னு அளவு வச்சுக்கோங்க. நான் அந்த ரெண்டையும் காலை காபிக்குள்ள தீத்துட்டு மிச்ச நாள் பூரா வாய மூடிட்டு இருப்பேன், சில பேரு சேத்து வச்சு ராத்திரி சாப்பாட்டுல எடுக்கறாங்க, அது அவங்கவங்க சாமர்த்தியம்.

இனிமே 31ம் தேதி ராத்திரி. பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கணும்ங்கறது பேரப்பசங்க கட்டளை. ஒம்பதரைக்கு தலை சாயற ஆளுக்கு இது மலை ஏறற மாதிரி. மத்தியானம் ஒரு அரை மணி தூங்கிக்கோங்க, அலாரம் வச்சு, அதுக்கு மேல தூங்கினா எழுந்தப்ப இது எந்த வருஷம்னு கேக்கத் தோணும். இன்னொரு குறுக்கு வழி இருக்கு. உலகத்துல எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல வருஷம் பொறக்கறதில்ல. கிரிபாட்டி நாட்டுல கிரிட்டிமாட்டினு ஒரு தீவு, அங்கதான் முதல்ல பொறக்கும். ஆள் குடியிருக்கற இடத்துல கடைசியா பொறக்கறது அமெரிக்கன் சமோவால, நடுவுல 25 மணி நேரம் இடைவெளி. அதுக்குப் பக்கத்துலயே இருக்கற சமோவா நாடு 2011ல டிசம்பர் 30ங்கற தேதியவே விட்டுட்டு 29ல இருந்து 31க்கு தாவி, நாள் மாறற கோடான தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. ஆக உங்க ஊருக்கு கிழக்க இருக்கற ஏதோ ஒரு ஊருல சாயங்காலமே பன்னெண்டு அடிச்சிருக்கும். சின்னப் பசங்கள உக்கார வச்சு, அந்த ஊரு பேர உலக உருண்டையில தேடச் சொல்லி, அந்த ஊரு நேரத்துக்கு கத்திக் கொண்டாடிட்டு எட்டரைக்கு படுக்கைல போட்டுடலாம், நீங்களும் "குழந்தைக்கு துணை"ன்னு கூடவே படுத்துடலாம். இதுல ஏமாத்து ஒன்னும் இல்ல, சிட்னியில சின்னப் பசங்களுக்காகவே ராத்திரி 9 மணிக்கு தனியா ஒரு வாணவேடிக்கை விடறாங்க. ரெண்டு வருஷம் இப்படி ஓட்டினேன். மூணாவது வருஷம் பேரன் மணி பாக்க கத்துக்கிட்டான்.

வெளியூர்ல இருக்கற பிள்ளைக்கு வீடியோ கால் போடறதா இருந்தா அங்க மணி என்னன்னு ஒரு தடவை பாத்துட்டு போடுங்க, நமக்கு வருஷம் பொறந்த சந்தோஷத்துல அவனுக்கு ஆபீஸ் மீட்டிங் நடுவுல அடிக்கும். செல்போன மூஞ்சிக்கு நேரா பிடிங்க, எங்க வீட்டு வீடியோ கால்ல என் பையன் மூணு வருஷமா என் நெத்தியத்தான் பாத்துக்கிட்டிருக்கான்.

வாழ்த்து மெசேஜ். இங்க கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா நான் விழுந்த குழி இது. வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்குத்தான் ஃபார்வேர்டு பண்ண விடும், நமக்கு அவசரம், ஜனவரி 1 காலை அஞ்சு மணிக்கு அஞ்சஞ்சா குத்திக்கிட்டே போனேன். அதுல சம்பந்தி வீட்டு குரூப்புக்கு போன படம், முந்தின வாரம் யாருக்கோ அனுப்பறதுக்காக எடுத்து வச்சிருந்த "ஆழ்ந்த அனுதாபங்கள்". மெழுகுவர்த்தியோட. பாத்ததும் கை நடுங்கிடுச்சு, அழிக்கலாம்னு அழுத்திப் பிடிச்சா ரெண்டு மூணு வழி காட்டுது, அவசரத்துல எனக்கு மட்டும் அழிக்கறத அமுக்கிட்டேன். என் போன்ல படம் போயிடுச்சு. மத்த இருபத்திரண்டு பேரு போன்ல ஜம்முனு இருக்கு, இனிமே என்னால தொடவும் முடியாது. ஒரு மணி நேரம் கழிச்சு சம்பந்தி பதில் போட்டாரு, கை கூப்பின படத்தோட, "நன்றி. தங்களுக்கும்."

அதனால கேட்டுக்கோங்க. எல்லாருக்கும் அழிக்கறதுன்னு ஒன்னு இருக்கு, அனுப்பினதுல இருந்து ரெண்டரை நாள் வரைக்கும் அது வேலை செய்யும், பதறவே வேண்டாம், மெதுவா கண்ணாடி போட்டுட்டு படிச்சுப் பாத்து அமுக்குங்க. தப்பி எனக்கு மட்டும் அழிக்கறத அமுக்கிட்டா, திரும்ப எடுக்கறதுக்கு கீழ ஒரு சின்ன பட்டை சில நொடி வரும், அத விட்டா போச்சு. எழுத்துப் பிழைன்னா பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள திருத்தலாம். நிறைய பேருக்கு ஒரே தடவையில அனுப்பணும்னா பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டுக்கலாம், 256 பேரு வரைக்கும், ஆனா அவங்க போன்ல உங்க நம்பர சேவ் பண்ணியிருந்தாத்தான் போய்ச் சேரும், யாரெல்லாம் நம்ம நம்பர வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கற கொடுமையான பரீட்சை அது. நான் இப்ப படமே அனுப்பறதில்ல. பத்து பேரத் தேர்ந்தெடுத்து போன் பண்றேன். சம்பந்திக்குத்தான் முதல் போன். "இந்த வருஷம் யாரு போயிட்டாங்க சம்பந்தி"ன்னுதான் எடுப்பாரு, வருஷா வருஷம், சலிக்கவே சலிக்காது அவருக்கு.

நியூ இயர் தீர்மானம் எடுக்கறதா இருந்தா வெளிய சொல்லாதீங்க. வீட்டுல இத்தன பேரு இருக்கறப்ப சொன்னா ஒவ்வொருத்தரும் ஒரு இன்ஸ்பெக்டர். பழக்கம் ஒட்டறதுக்கு 21 நாள் போதும்னு சொல்லிக்கிட்டு திரியறாங்க, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலினு ஒரு ஆராய்ச்சியாளர் ஆட்கள வச்சு பாத்ததுல சராசரியா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18, கணக்கு போட்டுப் பாத்தா சிலருக்கு 254 வரைக்கும் போகுமாம். ஜனவரி 1ல ஆரம்பிச்சா 66வது நாள் மார்ச் 7 வருது, அந்தத் தேதியில காலண்டர்ல ஒரு புள்ளி மட்டும் வைங்க, கேட்டா பேனா பட்டுடுச்சுன்னு சொல்லிக்கலாம். என்ன தீர்மானம்னு தெரியலன்னா நடங்க, 65 தாண்டினவங்களுக்கும் வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் நடை மாதிரி ஏதாவது வேணும்னும், கீழ விழாம இருக்க வாரத்துல மூணு நாளாவது உடம்ப பேலன்ஸ் பண்ற பயிற்சி வேணும்னும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சுவத்துக்குப் பக்கத்துல நின்னு, ஒரு கை சுவத்துல வச்சுக்கிட்டு, பல் தேய்க்கறப்ப ஒத்தக் கால்ல நிக்கலாம். ரகசியமாத்தான் நின்னேன். பேத்தி பாத்துட்டு ஹாலுக்கு ஓடி "தாத்தா கொக்கு ஆயிட்டாரு"ன்னு கத்தினா.

இல்லன்னா சுலபமா உங்க தீர்மானத்த வீட்டம்மாகிட்ட கேட்டு வாங்கிக்கோங்க. அவகிட்ட பெரிய லிஸ்ட் இருக்கும்னு பயந்துகிட்டேதான் கேட்டேன், ஒன்னுதான் சொன்னா. "வெளிய போறப்ப எத்தன மணிக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போங்க." ஆபீஸ் போன காலத்துல அது கேக்கவே வேண்டியதில்ல, ஆறேகால்னா ஆறேகால். இப்ப தெரியலயாம், பாத்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்காம். இத அவ நாலு வருஷம் சொல்லவே இல்ல, நானும் கேக்கல.

கடைசியா ஜனவரி 2 இல்லன்னா 3, எல்லாரும் கிளம்பற நாளு. பெட்டிய வண்டியில ஏத்தறது நம்ம வேலை, முதுகு ஒத்துக்காது, "நான் ஏத்தறேன்பா"ன்னு குரல் மட்டும் குடுங்க, மாப்பிள்ளை ஏத்திடுவாரு. போனப்புறம் ஒரு ரவுண்டு வந்து விட்டுப் போனதெல்லாம் பொறுக்கி ஒரு பையில போட்டு வைங்க, கண்டிப்பா ஒரு சார்ஜர், ஒரு டூத் பிரஷ், ஒத்த சாக்ஸ் இருக்கும். டிவிய உடனே போடாதீங்க. ரிமோட் திரும்பி வந்திருக்கும், கை அரிக்கும், இருந்தாலும் ஒரு மணி நேரம் போடாதீங்க. வாரம் பூரா கத்தின வீடு அப்பதான் மூச்சு விடுது.

இந்த வருஷம் அப்படித்தான் நாற்காலியில உக்காந்து 2015 காலண்டர சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டிருந்தேன். மாடியில இருந்து காய்ஞ்ச பெட்ஷீட்டெல்லாம் அள்ளிக்கிட்டு இவ வந்தா, கட்டில் மேல போட்டா, ஒன்ன உதறினா, என்னைப் பாத்தா.

"சும்மாதானே இருக்கீங்க, அந்த முனைய பிடிங்க."

எழுந்து போயி பிடிச்சேன். ஏழு பெட்ஷீட்டு. இத நோட்டுல கோடு போடல.